வீட்டுக்குள் குழந்தைகளை ஃபிளாஷில் படம் எடுக்க: ஒரு குடை, ஒரு மணை, ஒரு எட்டு முழ வேட்டி

போன சித்திரையில் அக்கா பிள்ளைகள் இருவரும் லீவுக்குக் காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. மாந்தோப்புக்குப் போன நேரம் போக மீதியெல்லாம் ஹாலில்தான் ஆட்டம். அந்த ஹாலுக்கு ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. டியூப்லைட்டை நம்பி எடுத்தால் ஐஎஸ்ஓ 6400-க்குப் போய் முகமெல்லாம் மணல் தூவினாற்போல் ஆனது. கேமரா தலையிலேயே ஃபிளாஷை மாட்டி நேராக அடித்தால் ரேஷன் கார்டு போட்டோ. சரி, ஃபிளாஷைக் கழற்றித் தனியாக ஸ்டாண்டில் வைத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். கைவரப் பத்து நாள் ஆனது. அதில் எட்டு நாள் ஒரே விஷயத்தில் கரைந்தது. அந்த இடம் வரும்போது நின்று சொல்கிறேன். கேமராவை மேனுவலில் வைக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சாமான். விலை உயர்ந்த டிடிஎல் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பழகுகிறவருக்கு அது எதிரி: ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு வெளிச்சம் அடிப்பது என்று அதுவாக ஒரு கணக்குப் போடும், தப்பு எங்கே என்று நமக்குப் பிடிபடாது. நான் வைத்திருப்பது கோடாக்ஸ் டிடி600. மேனுவல் மட்டும்தான், ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. கேமரா மேல் மாட்ட, ஃபிளாஷை ரேடியோவில் எரியவைக்கும் எக்ஸ்2டி டிரிகர்; இதை மட்டும் உங்கள் கேமரா கம்பெனிக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள். ரீசார்ஜ் ஆகும் பென்டார்ச் செல் நான்கு, ஒரு ஸ்டாண்டு, ஃபிளாஷ் முன்னால் மாட்டும், ஒளி ஊடுருவும் 43 அங்குல வெள்ளைக் குடை. ஃபிளாஷுக்கு மாட்டும் துணிப் பெட்டியான சாஃப்ட்பாக்ஸை விரித்துக் கம்பி மாட்டி முடிப்பதற்குள் பிள்ளைகள் தெருவுக்குப் போய்விடுவார்கள். குடை என்றால் ஒரு நொடி.

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் குடையை விரிக்க வேண்டும். முதல் நாள் நான் நிறுத்தவில்லை. ஸ்டாண்டு குடையோடு சாய்ந்து சோபாவில் விழுந்தது, பிள்ளைகள் அந்தப் பக்கம் இல்லாதது நல்லகாலம். அன்றிலிருந்து ஸ்டாண்டின் காலில் ஐந்து கிலோ ராகிப் பையைத் தொங்கவிடாமல் ஃபிளாஷை ஆன் செய்வதில்லை. ஃபேன் இல்லாமல் சித்திரை மாத ஹாலில் யாரும் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள், நெற்றியில் வியர்வை மினுங்கும். அதனால் எல்லாவற்றையும் தயார் செய்து, அளவுகளை ஒரு தலையணையை வைத்துச் சரிபார்த்துவிட்டு, கடைசியில்தான் குழந்தையைக் கூப்பிட வேண்டும்.

அளவுகள் இவை: ஷட்டர் 1/160, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400. ஃபிளாஷை அணைத்து வைத்து ஒரு படம் எடுங்கள். கிட்டத்தட்ட கறுப்பாக வர வேண்டும். வந்தால் டியூப்லைட்டும் அதன் பச்சைச் சாயமும் படத்திலிருந்து ஒழிந்தன. இனி இருப்பது உங்கள் வெளிச்சம் மட்டும்தான். ஷட்டரை 1/500 என்று ஏற்றினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். ஃபிளாஷோடு எடுக்கும்போது ஷட்டருக்கு, ஆரம்பநிலை கேமராக்கள் பலவற்றில் எல்லை 1/200. ரேடியோ டிரிகரின் சின்னத் தாமதத்தையும் சேர்த்து நான் 1/160-க்கு மேல் போவதில்லை. டிரிகரிலும் ஃபிளாஷிலும் சேனல், குரூப் இரண்டும் ஒன்றாக இருக்கட்டும். ஃபிளாஷ் 1/16 பவரில், அதாவது முழு பவரில் பதினாறில் ஒரு பங்கு.

இப்போது அந்த எட்டு நாள்.

வெளிச்சம் கிட்டே இருந்தால் நிழல் மென்மையாக விழும் என்று எங்கோ படித்துவிட்டு, குடையைச் சின்னவள் முகத்திலிருந்து இரண்டடியில் வைத்தேன், பவர் 1/64. முதல் படம் அருமை. இரண்டாவதில் முகம் சுண்ணாம்பு. மூன்றாவது இருட்டு. ஃபிளாஷ்தான் பழுது என்று நினைத்தேன், செல்லை மாற்றினேன், கடைக்காரரிடம் போனில் சண்டைகூடப் போட்டேன். ஃபிளாஷில் ஒன்றும் இல்லை. நகர்ந்தது குழந்தை. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த எதிர்த்தகவு இருமடி விதி இதுதான்: தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு. இரண்டடியில் இருக்கும் பிள்ளை குடையைத் தொடலாம் என்று ஓரடி முன்னால் சாய்ந்தால் முகத்தில் நான்கு மடங்கு வெளிச்சம், அதாவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரண்டு மடங்கு). அதே பிள்ளை நான்கடியில் இருந்து ஓரடி சாய்ந்தால் இரண்டு மடங்குகூட ஆகாது; அதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடலாம். பெரியவர்கள் அசையாமல் உட்காருவார்கள் என்பதால் அவர்களுக்குச் சொல்லும் இரண்டடி யோசனை மூன்று வயதுப் பிள்ளைக்கு உதவாது.

ஆக, குடையை நான்கடிக்குத் தள்ளுங்கள். தூரம் இரட்டிப்பானதால் பவர் 1/64-லிருந்து 1/16-க்கு ஏறுகிறது. 33 அங்குலக் குடை நான்கடியில் சின்ன விளக்குபோல் ஆகி நிழலைக் கடினமாக்கும். 43 அங்குலம் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். ஸ்டாண்டில் நான்கடி நூல் ஒன்றைக் கட்டிவிட்டேன். நூல் முனை பிள்ளையின் மூக்குக்கு வந்தால் தூரம் சரி.

பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்துவது எப்படி? கோலமாவில் வட்டம் போட்டு உள்ளே நிற்கச் சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் வட்டம் காலோடு போனது. பிறகு அம்மா பரணிலிருந்து மணையை எடுத்துக் கொடுத்தார். மணையில் உட்கார்ந்தால் எழுந்துதான் நகர முடியும். "இது பஸ்ஸு, நீ டிரைவர், ஓசூர் வர்ற வரைக்கும் சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாது" என்றேன். ஓசூர் வருவதற்குள் நாற்பது படம்.

குடையின் உயரம்: தரையில் உட்கார்ந்த பிள்ளையின் தலைக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் 45 டிகிரி. பெரியவர்களுக்கு வைத்த உயரத்திலேயே விட்டால் கண் குழியில் இருட்டு விழும். கண்ணில் குடையின் பிம்பமான வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நீங்களும் தரையில் உட்காருங்கள். இந்தப் பக்கம் கிரானைட் தரை அதிகம். எங்கள் வீட்டில் கறுப்பு. கீழிருந்து எடுத்தால் குடை அதில் அப்படியே தெரியும், ஒரு ஜமுக்காளம் விரித்தால் போதும்.

இனி சுவர். எங்கள் ஹால் கிளிப்பச்சை. குடை வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறுவதால் பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பி, நிழல் பக்கக் கன்னம் காய்ச்சல்காரன் கன்னம்போல வந்தது. வண்ணம் திருத்திப் பார்த்தேன், மறுகன்னம் ரோஸ் ஆனது. கடைசியில் அப்பாவின் எட்டு முழ வேட்டியைக் குடைக்கு எதிர்ப்பக்கச் சுவரில் தொங்கவிட்டேன். பச்சை போனது, நிழலும் இளகியது. காசு கொடுத்து வாங்கிய ரிஃப்ளெக்டர் அன்றிலிருந்து பரணில்.

இன்னொன்று, பவுடர். போட்டோ என்றதும் பாட்டி முகத்தில் அப்பிவிடுவார். கண்ணுக்குத் தெரியாத பவுடர்கூட ஃபிளாஷில் திட்டுத்திட்டாக வெளுத்துத் தெரியும். ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். திருஷ்டிப் பொட்டை மட்டும் விட்டுவிடுங்கள். அதை அழித்தால் படம் எடுக்கவே விடமாட்டார்கள்.

பின்சேர்க்கை 1: பாலக்கோட்டிலிருந்து ஒருவர், புது மிரர்லெஸ் கேமராவில் ஃபிளாஷ் எரியவே இல்லை என்று எழுதியிருந்தார். சைலன்ட் ஷட்டர் ஆனில் இருந்திருக்கிறது. பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்களில் அது ஆனில் இருந்தால் ஃபிளாஷ் எரியாது. திரை கும்மிருட்டாகத் தெரிகிறது என்று கேட்டவர்களுக்கு: மெனுவில் எக்ஸ்போஷரை முன்கூட்டிக் காட்டும் வசதியை அணையுங்கள்.

பின்சேர்க்கை 2: பென்னாகரம் பக்கத்துத் தாய் ஒருவர் மூன்று மாதக் குழந்தைக்கு இது ஒத்துவருமா என்று கேட்டிருந்தார். அத்தனை சின்னக் குழந்தையின் முகத்துக்கு நேராக நான் அடிப்பதில்லை. வெள்ளைக் கூரை இருந்தால் ஃபிளாஷ் தலையை மேலே திருப்பலாம். அவர் வீடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அந்தச் சாம்பல் நிறம் வெளிச்சத்தை விழுங்கிவிடும். வேட்டியைச் சுவரில் இரண்டாக மடித்துக் கட்டி, குடையைக் கழற்றிவிட்டு, ஃபிளாஷை வேட்டியின் பக்கம் திருப்பி 1/8 பவரில் தொடங்கச் சொன்னேன். இருட்டாக இருந்தால் 1/4. தூங்கும்போது எடுத்து அனுப்பியிருந்தார், நன்றாக வந்திருக்கிறது. வேட்டியின் கரை மட்டும் ஒரு ஓரத்தில் தெரிகிறது.