கோபத்தையும் பேராசையையும் களிமண்ணில் பிடிப்பது எப்படி?

சிற்பத்தில் உணர்ச்சி காட்ட வேண்டும் என்றதும் எல்லாரும் நேரே முகத்துக்குத்தான் போகிறார்கள். புருவத்தை நெரித்து, வாயைப் பிளந்து, பல்லைக் காட்டி ஒரு தலையைச் செய்துவிட்டு இதுதான் கோபம் என்பார்கள், பாதி நேரம் அது பல்வலிக்காரர் போல இருக்கும். முகத்தைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

முதலில் நீங்கள் செய்யப்போவது உணர்ச்சியா, குணமா என்று முடிவு பண்ணுங்கள். கோபம், பயம், துக்கம் எல்லாம் வந்து போகிறவை, அந்த நொடியில் தசை எங்கே இழுக்கிறது என்று பிடித்தால் போதும். பேராசை, பொறாமை, வஞ்சகம் எல்லாம் வருஷக்கணக்கில் உடம்பிலேயே ஊறிப்போனவை, அவற்றை நிற்கிற விதத்திலும் கை செய்கிற காரியத்திலும் பக்கத்தில் என்ன வைக்கிறீர்கள் என்பதிலும்தான் கொண்டுவர முடியும். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள், ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். மேலே கை உயர்த்தி நிற்கும் தவசியின் அதே நிலை. பூனை முகத்தில் கள்ளத்தனம் எதையும் அந்தப் பல்லவ காலத்துச் சிற்பி செதுக்கிக் காட்டவில்லை. எலிகளை எடுத்துவிட்டால் அது சும்மா ஒரு பூனை, இருந்தால் போலிச்சாமியார்!

மாஸ்கோவில் ரஷ்யச் சிற்பி மிகயீல் ஷெமியாக்கின் 2001இல் வைத்த சிற்பத் தொகுதியிலும் இதே வேலைதான். கண்ணைக் கட்டி விளையாடும் 2 குழந்தைகளைச் சுற்றி 13 தீமைகள் நிற்கின்றன, அவற்றின் நடுவில் அலட்சியம். அதற்கு 4 கைகள், இரண்டு மார்பில் கட்டியிருக்க மற்ற இரண்டும் காதைப் பொத்தியிருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு சாண் உயரத்தில் சின்னச் சின்ன மாதிரிகளாக மூன்று நான்கு செய்யுங்கள், தலை வெறும் உருண்டையாக இருக்கட்டும். முதுகு எப்படி வளைகிறது, தோள் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா, எடை எந்தக் காலில் விழுகிறது, இவ்வளவுதான் இப்போதைக்கு. பேராசை என்றால் கழுத்து முன்னால் நீள, முழங்கை விலாவோடு ஒட்ட, உள்ளங்கைக்குள் அடங்காத ஒன்றை விரல்கள் பற்றிக்கொண்டிருக்கட்டும். பொறாமைக்கு உடம்பு ஒரு பக்கம் விலகிப்போக, தலை மட்டும் திரும்பிப் பார்க்கட்டும். நீங்களே அந்த நிலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், எங்கே வலிக்கிறதோ அங்கேதான் மண்ணும் இறுக வேண்டும். பிரெஞ்சுச் சிற்பி ரொதானின் சிலையான 'சிந்தனையாளர்' வலது முழங்கையை இடது தொடையில் ஊன்றியிருக்கிறார், அப்படி உட்கார்ந்து பார்த்தால் முதுகு முறுகுவது தெரியும், கால் விரல்கள்கூடப் பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும். சிந்தனை அவருக்கு உடம்பு முழுக்க நடக்கிறது. கைகளை அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செய்தாலும் தப்பில்லை.

இப்போது முகம். கண்ணாடி முன்னால் உட்காருங்கள். 18ஆம் நூற்றாண்டில் மெஸ்ஸர்ஷ்மிட் என்ற சிற்பி தன் விலாவைத் தானே கிள்ளிக்கொண்டு, முகம் கோணுவதைக் கண்ணாடியில் பார்த்துத் தலைகள் வடித்தார் என்று நேரில் பார்த்தவர் எழுதிவைத்திருக்கிறார். கிள்ள வேண்டாம், பார்த்தால் போதும். கோபத்தில் புருவம் கீழிறங்கி ஒன்றையொன்று நெருங்கும், உதடு அழுந்தும். துக்கத்தில் புருவத்தின் உள்முனை மட்டும் மேலேறும், இதை விட்டுவிட்டு வாயை எவ்வளவு தொங்கவிட்டாலும் அழுகை வராது. இகழ்ச்சிக்கு வாயின் ஒரு ஓரம் மட்டும் இழுபட்டால் போதும். போலிச் சிரிப்பில் வாய் சிரிக்கும், கீழிமை சும்மா கிடக்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி செய்யாதீர்கள், செய்தால் முகமூடி ஆகிவிடும். களிமண்ணில் கண்ணுக்கு நிறம் கிடையாது என்பதால் கருவிழியை ஆழமாகத் தோண்டி, மேல் ஓரத்தில் ஒரு துணுக்கு மண்ணை விட்டுவையுங்கள், வெளிச்சம் அதில் பட்டுப் பார்வை உயிர்பெறும், பிரெஞ்சுச் சிற்பி ஊதோன் இதில் கெட்டிக்காரர். அப்புறம் அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், நிழல் விழாத இடத்தில் இன்னும் மண் எடுக்க வேண்டும்.

ஈரக்கையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவதுதான் நிறைய பேர் கெடுத்துக்கொள்ளும் இடம். விரல் பதிந்த தடம் கிடக்கட்டும். கோபமா பேராசையா என்று பெயர் எழுதாமல் நாலு பேரிடம் காட்டிக் கேளுங்கள், வேறு ஏதாவது சொன்னால் முகத்தைத் தொடாமல் கழுத்தையும் தோளையும் திருத்துங்கள்.

சூளையில் வைப்பதாக இருந்தால் உருவத்தைத் தாங்க உள்ளே கம்பி போடக் கூடாது. மண் கொஞ்சம் இறுகியதும் மெல்லிய கம்பியால் அறுத்து, சுவர் விரல் தடிமனுக்கு வரும்வரை உள்ளே குடைந்து, விளிம்புகளைக் கீறி, களிமண் குழம்பு தடவி ஒட்டுங்கள். காற்றுப் போக அடியில் ஒரு ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் உறையால் தளர்வாக மூடி மெதுவாகக் காயவிடுங்கள், விரல்களும் காதும் முதலில் காய்ந்து வெடிக்கும் என்பதால் அந்த இடங்களில் மட்டும் ஈரத்துணி சுற்றிவையுங்கள்.