புது வண்டிக்கு அடியில் ஈரமா? துடைக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

வண்டி வந்து பதினோராவது நாள். காலையில் போர்டிகோவில் இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரம் இருந்தது. நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அம்மா சோப்புத்தூள் போட்டுக் கழுவிவிட்டார். "டைல்ஸ்ல கறை பிடிச்சிடும்ல" என்றார். அது என்ன நிறம், பிசுபிசுத்ததா, வாசனை இருந்ததா, எதற்கும் பதில் இல்லை. அடுத்த மூன்று நாளும் தரை காய்ந்தே கிடந்தது. நான்காம் நாள் மறுபடியும் ஈரம்.

கசிவு விஷயத்தில் எல்லோரும் செய்யும் முதல் தவறு இதுதான், தடயத்தை அழித்துவிடுவது. கழுவுவது மட்டுமல்ல, பானட்டைத் திறந்து துணியால் துடைப்பதும், சர்வீஸ் சென்டருக்குப் போகும் வழியில் "சுத்தமா இருந்தா நல்லாப் பார்ப்பாங்க" என்று வாட்டர் வாஷ் விடுவதும் அதே ரகம். முதலில் போன் எடுத்துப் படம் பிடியுங்கள். பிறகு ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன் வெளிறிய பக்கம் மேலே தெரிய வண்டிக்கு அடியில் விரியுங்கள். நான்கு சக்கரமும் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். காலையில் அட்டையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது, எத்தனை சொட்டு என்று தெரிந்துவிடும். நாளும் நேரமும் அதிலேயே எழுதி வையுங்கள்.

சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் கோளாறு என்று முடிவு கட்டவும் கூடாது. இப்போதைய கார்களில் பெரும்பாலும் இன்ஜினுக்கு அடியில் பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. மேலே ஒழுகுவது அதில் தேங்கி, எங்கே ஓட்டை கிடைக்கிறதோ அங்கே இறங்கும். ஓடும்போது அடிக்கும் காற்றும் எண்ணெயைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

நம் ஊர் வெயிலில் பாதிப் பேர் பதறுவது ஏசி தண்ணீரைப் பார்த்துத்தான். ஏசி போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால், காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள குழாய் வழியாக வெளியே சொட்டும். நிறமில்லை, வாசனையில்லை, டிஷ்யூ பேப்பரில் ஒற்றினால் சுவடில்லாமல் காய்ந்துவிடும். சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் அது சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் உள்ளே, கால் வைக்கும் விரிப்பில் இறங்கும். சைலன்சர் முனையில் காலையில் சொட்டும் தண்ணீரும் அப்படித்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. சூடான சைலன்சரில் அது ஆவியாகப் போய்விடும், குளிர்ந்திருந்தால் துளியாக நிற்கும்.

அடுத்த தவறு, நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பச்சை என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். கம்பெனிக்குக் கம்பெனி பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று மாறும். வைப்பர் தண்ணீரும் நீலமாக இருக்கலாம். கியர் ஆயிலும் சிவப்பாக இருக்கலாம். தொட்டுப் பாருங்கள். கூலன்ட் தண்ணீர் போல ஓடும், விரலில் லேசாக வழுவழுக்கும், இனிப்பு வாடை அடிக்கும். எண்ணெய் வகை என்றால் அட்டையில் விளிம்பு விரிந்துகொண்டே போய் நாள் கணக்கில் காயாது. புது இன்ஜின் ஆயில் தேன் நிறத்தில் இருப்பதால் "ஆயில்னா கறுப்பாத்தானே இருக்கும்" என்று ஏமாந்துவிடாதீர்கள். டீசல் வண்டியில் காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், பி.எஸ்.6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகள் பலவற்றில் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா கரைசலாக இருக்கலாம். மெழுகு மாதிரிப் பழுப்பாகச் சொட்டினால், ஷோரூமில் அடித்த துரு தடுப்புப் பூச்சு வெயிலில் இளகியிருக்கலாம். புது வண்டிகளுக்கே உரிய பொய்யான பயம் இது. தெருமுனை மெக்கானிக் "ஸ்டியரிங் ஆயில் சார்" என்றால், வண்டியில் ஸ்டியரிங் ஆயில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இப்போது வரும் கார்களில் பெரும்பாலானவை மின்சாரப் பவர் ஸ்டியரிங்தான். எதுவானாலும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, எங்கள் வண்டிக்கு வருவோம். அட்டையில் விழுந்தது இளஞ்சிவப்பு. ஷோரூமின் சர்வீஸ் பிரிவுக்குக் கொண்டுபோனேன். வண்டி வரிசையில் மூன்று மணி நேரம் நின்றது, பிறகு லிஃப்டில் ஏற்றினார்கள், கீழே எல்லாம் காய்ந்திருந்தது. "ஏசி தண்ணிதான் சார், புது வண்டிதானே" என்று அனுப்பிவிட்டார்கள். என்ன புகார், என்ன வேலை என்று குறிக்கும் ஜாப் கார்டில் ஒரு வரி எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அது என் தவறு. எழுத்தில் பதிவானால்தான் பின்னால் வாரன்டி என்று பேசும்போது, இந்தத் தேதியிலேயே சொன்னேன் என்று காட்ட முடியும்.

வீட்டில் உட்கார்ந்து நேரத்தைக் கவனித்தேன். நெடுந்தூரம் ஓட்டி நிறுத்திய நாட்களில்தான் ஈரம், அதுவும் நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து. இன்ஜினை அணைத்ததும் கூலன்ட் சுற்றுவது நிற்கும், உள்ளே இருக்கும் சூடு மட்டும் சற்று நேரம் ஏறும், அழுத்தமும் ஏறும். ஆறிய வண்டியில் அந்தக் கசிவு தெரியாது. அடுத்த முறை அட்டையையும் படங்களையும் கையில் எடுத்துக்கொண்டு, கூலன்ட் சுற்றும் பாதையில் அழுத்தம் ஏற்றிக் கசிவைத் தேடும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொன்னேன். ரேடியேட்டரின் கீழ் ஹோஸில், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் அரை விரல் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. வேலை பத்து நிமிடம்.

நடுவில் நானே கூலன்ட் ஊற்றி நிரப்பியிருந்தால் எவ்வளவு குறைகிறது என்ற கணக்கே போயிருக்கும். டேங்கில் இப்போதுள்ள மட்டத்தில் ஒரு டேப் ஒட்டிவைப்பது நல்லது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் திரவம் மூடி தளர்ந்ததும் முகத்தில் பீறிடும். கடையில் விற்கும் கசிவு அடைக்கும் பொடியும் வேண்டாம். ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடக்கூடும். பார்ப்பதற்காக ஜாக்கி மட்டும் போட்டுக் கீழே நுழைவது உயிரோடு விளையாடுவது.

முதல் சர்வீஸ் முடிந்து வந்த மறுநாளே எண்ணெய் சொட்டினால், தேடல் சுலபம். ஆயில் மாற்றியிருந்தால் பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் வாஷர், ஃபில்டரின் ரப்பர் வளையம், இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

"சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போயிடலாம்" என்று ஓட்டக்கூடாத கசிவுகளும் உண்டு. சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாகி, பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கியிருந்தால் வண்டியைக் கிளப்பாதீர்கள். பிரேக் பேட் தேயத் தேய மட்டம் தானாகவே சற்று இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு மாத வண்டியில் அந்தக் காரணம் செல்லாது. பெட்ரோல் வாடை வந்தாலும் அப்படியே நிறுத்திவிட்டு, வண்டியோடு தந்த சாலை உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

கூலன்ட் சிந்திய தரையை மட்டும், படம் எடுத்த பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். அதன் இனிப்புக்கு நாயும் பூனையும் வந்து நக்கும், அது அவற்றுக்கு விஷம். அந்த வேலைக்கு அம்மாவின் சோப்புத்தூள் சரிதான்.