ஃபிரிட்ஜ் சென்சாரைச் சோதிக்க ஒரு கோப்பை ஐஸ் போதும்

தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரமான டர்பனில் மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பிய பின்னும் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரூட்டாவிட்டால், கம்ப்ரசரைக் குறை சொல்லும் முன் வெப்பநிலை சென்சாரைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. புதிய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது, குளிர் கூடக் கூட மின்தடையும் (மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு) கூடும் தெர்மிஸ்டர் என்னும் சிறு உறுப்பாகும்.

முதலில் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். 230 வோல்ட் மின்சாரம் விளையாட்டல்ல. சென்சாரின் இணைப்பைப் பிரித்து, மல்டிமீட்டர் என்னும் மின் அளவுக் கருவியை, மின்தடையை அளக்கும் ஓம் அளவில் வைத்து, அறை வெப்பத்தில் ஒரு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, கோப்பை நிறைய நொறுக்கிய ஐஸைப் போட்டு, இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால், அது 0 டிகிரி செல்சியஸில் நிற்கும். அதில் சென்சாரின் முனையை மட்டும் 5 நிமிடம் அமிழ்த்தி மீண்டும் அளக்க வேண்டும். 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும் வகையானால், இப்போது ஏறத்தாழ 30,000 ஓம் காட்டும். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், பழுதுபார்ப்புக் கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிடுவதே முறை. எண் அசையாமல் நின்றாலோ தத்தித் தாவினாலோ சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஆனால், கடற்காற்றில் இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு படிவதும் உண்டு. புதிய சென்சார் வாங்கும் முன் அதைச் சுரண்டிவிட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள்.