விலைபேச வருபவரிடம் எப்படி நடந்துகொள்வது: யாழ்ப்பாணத்து இளம் கிரிக்கெட் வீரர்களுக்கு

ஆட்ட நிர்ணயம் என்றதும், யாரோ ஒருவர் பெட்டி நிறையப் பணத்துடன் வந்து தோற்றுவிடும்படி கேட்பார் என்றே நம் பிள்ளைகள் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் முதலில் வருவது ஒரு சோடி புதிய சப்பாத்தாகவோ, 'வடக்கின் பெரும் போர்' எனப்படும் பாடசாலைக் கிரிக்கெட் ஆட்டத்தில் நீங்கள் எடுத்த விக்கெட்டுகளைப் புகழும் வாட்ஸ்அப் செய்தியாகவோ இருக்கும். சில வாரங்கள் கழித்து, மாலைப் பயிற்சி முடிந்து சைக்கிளை எடுக்கும் நேரத்தில், அதே இலக்கத்திலிருந்து இன்னொரு செய்தி வரும்: "தம்பி, பிட்ச் ஈரமோ? நாளைக்கு முதல் ஓவர் ஆர் போடுறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாதீர்கள். 1994இல் கொழும்பில் அவுஸ்திரேலிய வீரர்கள் ஷேன் வோர்னும் மார்க் வோவும் 'ஜோன்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒரு சூதாட்டத் தரகரிடம் பணம் வாங்கிக்கொண்டு சொன்னதும் ஆடுகளம், வானிலை பற்றிய விபரங்களைத்தான். அவுஸ்திரேலியக் கிரிக்கெட் சபை இரகசியமாக அபராதம் விதித்து மூடிவைத்த அந்த விடயம் 1998இல் வெளியே வந்தது. பகிரங்கமாக அறிவிக்கப்படாத எந்த அணி விபரமும் வெளியாருக்கு விற்பனைப் பொருளே என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுக்கும்போது ஒரே வார்த்தையில் மறுங்கள். பகிடியாகக்கூட "எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்கக் கூடாது, ஏனெனில் அந்த உரையாடல் பிறகு விசாரணை மேசையில் வைக்கப்படும்போது அதிலுள்ள பகிடி எவருக்கும் தெரியாது.

அடுத்துச் செய்யவேண்டியதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். பயத்தில் செய்திகளை அழித்துவிடுவார்கள், அல்லது தொலைபேசியையே மாற்றிவிடுவார்கள். அழிக்காதீர்கள், திரையைப் படம்பிடித்து, திகதி, நேரம், இலக்கம், பேசப்பட்ட சொற்கள் ஆகியவற்றை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இலங்கை அணியின் முன்னாள் தலைவர் சனத் ஜயசூரிய 2019இல் இரண்டு ஆண்டுத் தடை பெற்றது ஆட்டத்தை விற்றதற்காக அல்ல. விசாரணைக்கு ஒத்துழைக்காமல், கேட்கப்பட்ட தொலைபேசித் தகவல்களை மறைத்தமைக்காகவே.

பின்னர் முறையிடுங்கள், தாமதியாமல். பங்களாதேஷ் வீரர் ஷகிப் அல் ஹசன் எந்த ஆட்டத்தையும் விற்கவில்லை. தரகர் ஒருவர் அணுகியதை மூன்று முறை அறிவிக்காமல் விட்டதற்காக, ஓராண்டு ஒத்திவைக்கப்பட்ட இரண்டு ஆண்டுத் தடை அவருக்கு 2019இல் விதிக்கப்பட்டது. விளம்பர ஒப்பந்தம் பற்றிப் பேசுவதாக இந்தியாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே 15,000 டொலருடன் பொறியில் சிக்கிய சிம்பாப்வேயின் பிரெண்டன் டெய்லர் முறையிட்டார்தான், ஆனால் மாதங்கள் கடந்து. மூன்றரை ஆண்டுகள் விளையாட முடியாமற் போனது.

யாரிடம் சொல்வது? பாடசாலை மட்டத்தில் பயிற்றுநரிடமும் அதிபரிடமும் உடனே சொல்லுங்கள். லங்கா பிரீமியர் லீக் போன்ற தொடர்களில் ஊழல் தடுப்பு அதிகாரி இருப்பார். முதல் நாளே அவருடைய இலக்கத்தைக் கேட்டு வாங்கி, கடதாசியில் எழுதி, துடுப்புப் பையில் வையுங்கள். அணி முகாமையாளரிடம் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது போதாது: 2024 தொடருக்கு முன்னர் தம்புள்ளை அணியின் உரிமையாளரே ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டதை நாம் பார்த்தோம். இலங்கையின் 2019ஆம் ஆண்டு 24ஆம் இலக்க விளையாட்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. அணுகப்பட்டதை அதற்கென உள்ள விசேட விசாரணைப் பிரிவுக்கு அறிவிக்காமல் விடுவதும் அதன்படி குற்றமாகும்.

முறையிட்ட பின் நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேசாதீர்கள், விசாரணை குழம்பிவிடும். நம்மூரில் ஒரு செய்தி கஸ்தூரியார் வீதியிலிருந்து சுண்டுக்குளிக்குப் போக அரைமணி நேரம் போதும். அதே இலக்கத்திலிருந்து மறுபடியும் செய்தி வந்தால், பதில் எழுதாமல், அதையும் படம்பிடித்து அதே அதிகாரிக்கு அனுப்புங்கள்.