தனியாக ஜப்பானிய மொழி பழக: கையை மேலே தூக்கித் தொடங்குங்கள்

பேசிப் பழக ஆள் இல்லை என்று ஜப்பானிய மொழியைப் பாதியில் விட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது உண்மையான வருத்தம். தமிழ் தெரிந்தவருக்கு அந்த மொழியின் வாக்கியம் பாதி பழகியதுதான். ஒரு கைப்பேசியும் நாளுக்கு அரை மணி நேரமும் போதும்.

முதல் படி: உடற்பயிற்சி

ஜப்பான் வானொலியில் 1928இல் தொடங்கிய உடற்பயிற்சி நிகழ்ச்சிக்கு 'ரஜிஒ தைஸோ' என்று பெயர். இன்று செய்யப்படும் முதல் தொகுப்பு 1951இல் வந்தது. 13 அசைவுகள், மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். அங்கே காலை 6.30 மணிக்கு ஒலிபரப்பாகும்போது இந்தியாவில் அதிகாலை 3 மணி. ஆகவே இணையத்தில் கிடைக்கும் பதிவே வசதி.

முதல் மூன்று நாள் எண்களை மட்டும் உரக்கச் சொல்லுங்கள்: இச்சி, நி, ஸன், ஷி, கொ, ரொகு, ஷிச்சி, ஹச்சி. நான்காம் நாள் தொடக்கக் கட்டளையைக் கவனியுங்கள்: 'உதெ ஒ மஎ கர உஎ நி அகெதெ'.

உதெ என்றால் கை. 'ஒ' நம் 'ஐ' உருபு. மஎ முன்பக்கம், 'கர' நம் 'இருந்து'. உஎ மேல், 'நி' திசையைக் காட்டும் உருபு. அகெதெ, 'தூக்கி'. கையை முன்னாலிருந்து மேலே தூக்கி! சொல் வரிசை ஓரிடத்திலும் மாறவில்லை. நாம் 'தூக்கி' என்று வினையெச்சத்தில் நிறுத்துவதுபோல அவர்களும் நிறுத்தி அடுத்த செயலுக்குப் போகிறார்கள். கை உயரும்போதே வாயும் சொல்லட்டும்.

இரண்டாம் படி: அடுப்படி

செய்வதைச் செய்யும்போதே சொல்லுங்கள். 'தமகொ ஒ வத்தெ, ஷிஒ ஒ இரெதெ, யகிமஸ்.' முட்டையை உடைத்து, உப்பைப் போட்டு, சுடுகிறேன். ஆங்கிலத்தில் யோசித்தால் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

மூன்றாம் படி: எழுத்து

இதுவரை தமிழ் எழுத்தில் எழுதிக்காட்டினேன், ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள். 'அகெதெ'யில் வரும் ககரம் 'தங்கம்' என்பதில் வருவது. தகரமோ 'தென்னை'யில் வருவது. தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஜப்பானிய மொழியின் ஒலியெழுத்து வரிசையான ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் 46. நாளுக்கு ஐந்து எழுதிப் பார்த்தால் பத்து நாளில் முடியும். குறில் நெடில் மட்டும் நமக்குப் பிறவிப் பழக்கம்: ஒபஸன் அத்தை, ஒபாஸன் பாட்டி. இரண்டையும் சொல்லிப் பதிவுசெய்து கேளுங்கள்.

நான்காம் படி: பஸ்ஸில் ஒரு விளையாட்டு

'ஷிரிதொரி' நம் அந்தாதி போன்றது. ஒரு சொல் முடியும் எழுத்தில் அடுத்த சொல் தொடங்க வேண்டும்; 'ன்' என்று முடிந்தால் தோல்வி. ஸகுர (செர்ரிப் பூ), ரகுத (ஒட்டகம்), தரும, மகுர (தலையணை). தரும என்பது போதிதருமரின் பெயர் தாங்கிய பொம்மை. அந்தச் சொல் வரும்போதெல்லாம் எனக்குள் ஒரு மகிழ்ச்சி. அடுத்து 'ர'. ரைஒன், சிங்கம், என்றால் 'ன்' வந்து ஆட்டம் முடிந்துவிடும். காலையில் கேட்ட ரஜிஒ இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள். இனி 'ஒ'வில் தொடங்க வேண்டும். ஒபாஸன் வேண்டாம், அதுவும் 'ன்'தான்.