காசும் ஆள்பலமும் எத்தனை சுற்று ஓடும்: காரைக்குடிப் பக்கம் ஃபார்முலா கார் கட்டுகிறவர்களுக்கு

சிவகங்கைச் சீமையில் எல்கைப் பந்தயம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, காசும் ஆள்பலமும் இருந்தால் மட்டும் பந்தயத்தை ஜெயித்துவிடலாமா என்ற கேள்வி புதிதல்ல. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத்தான் வண்டியை விடுவார்கள். பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை நிறுத்தினால் அது பந்தயம் ஆகாது என்று ஊருக்கே தெரியும். ஃபார்முலா ஒன் இதை ஒத்துக்கொள்ள 2021 வரை ஆயிற்று. அந்த ஆண்டுதான் அணி ஒன்றுக்கு 14.5 கோடி டாலர் என்று செலவுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அதிலும் ஓட்டுநர் சம்பளம் சேராது. போன ஆண்டு கடைசியில் வந்த அணிக்குக் காற்றுச் சுரங்கச் சோதனை நேரம் அதிகம், முதலில் வந்த அணிக்குக் குறைவு என்று இன்னொரு விதியும் இருக்கிறது.

உச்சவரம்புக்கு முன்னால் காசு மட்டும் போதுமாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. டொயோட்டா 2002 முதல் 2009 வரை 8 சீசன் ஓடியது. பெரும் செலவு செய்த அணிகளில் அதுவும் ஒன்று. ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. ஹோண்டா 2008 கடைசியில் கைவிட்டுப் போன அணி, ஆட்களைக் குறைத்துக்கொண்டு அதே 2009-ல் பிரான் ஜிபி என்ற பெயரில் வந்து 17 பந்தயங்களில் 8-ஐ ஜெயித்து ஓட்டுநர், அணி என்ற இரண்டு பட்டங்களையும் தூக்கியது. ஏழை அணி ஜெயித்த கதை என்று இதைச் சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். அந்தக் காரை 2008 முழுக்க ஹோண்டா காசில் வடித்திருந்தார்கள். இன்னொரு பக்கம், 2010-ல் புதிதாக வந்த மூன்று சிறிய அணிகளில் ஒன்றுகூட 2016-ஐத் தாண்டவில்லை. அவற்றில் ஒன்றான எச்ஆர்டி-யில் நம் கோவை நரேன் கார்த்திகேயன் ஓட்டினார். 2012 ஆஸ்திரேலியாவில் அந்த அணியின் இரண்டு கார்களும், தகுதிச் சுற்றின் அதிவேக நேரத்தில் 107 சதவீதம் என்ற வரம்புக்குள் வர முடியாமல் பந்தயத்தில் நிற்கவே இல்லை. ஒரு அளவுக்குக் கீழே போனால் திறமை எடுபடாது. அந்த அளவைத் தாண்டிய பிறகு காசை எதில் போடுகிறீர்கள் என்பதுதான் பேச்சு.

கல்லூரி மாணவர்கள் தாங்களே சின்னப் பந்தயக் கார் கட்டி ஓட்டும் மாணவர் ஃபார்முலா போட்டியில் அந்த அளவு நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வழக்கமாக ஜனவரியில் நடக்கும் ஃபார்முலா பாரத்துக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு லாரியில் காரை ஏற்றிக்கொண்டு போய்விடலாம். கீழே உள்ளது முதல் முறை பெட்ரோல் கார் கட்டும் அணிக்கானது.

முதலில் புள்ளியைப் படியுங்கள்

இந்த வகைப் போட்டிகளின் வழக்கமான பங்கீடு 1000 புள்ளி. வடிவமைப்பு 150, செலவு அறிக்கை 100, வணிகத் திட்டம் 75. காரை ஓட்டாமலே 325. மிச்சத்தில் 75 மீட்டர் நேர்கோட்டு ஓட்டம் 100, எட்டு வடிவ ஓட்டம் 75, ஆட்டோகிராஸ் என்ற வளைவுத் தட ஓட்டம் 125, எண்டியூரன்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டம் 275, எரிபொருள் சிக்கனம் 100. போட்டிக்குப் போட்டி, ஆண்டுக்கு ஆண்டு சில எண்கள் மாறும். அந்த ஆண்டு விதிப்புத்தகத்தை அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள். எண்கள் மாறினாலும் ஒன்று மாறாது: எண்டியூரன்ஸ் 22 கிலோமீட்டரை முடிக்காத கார், அதற்கான புள்ளியையும் சிக்கனப் புள்ளியையும் சேர்த்து இழக்கும். மேலே சொன்ன கணக்கில் அது 375. மெதுவாக ஓடி முடித்த காருக்குக் கீழேதான், பறந்துபோய்ப் பாதியில் நின்ற கார் வரும்.

ஆட்கள்: 15 போதும்

40 பேரைச் சேர்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் கார் கட்டும் அணிகள் உண்டு. 15 பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 105 ஜோடி. 40 பேர் என்றால் 780. சஸ்பென்ஷன்காரர் ஒரு பிராக்கெட்டை 8 மில்லிமீட்டர் நகர்த்தியது ரேடியேட்டர்காரருக்குத் தெரியாமல் போவது இப்படித்தான். சேசிஸுக்கு 3 பேர், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக்குக்கு 4, எஞ்சினுக்கும் அதன் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகங்களுக்கும் 3, வயரிங்குக்கு 2, கணக்குக்கும் அறிக்கைக்கும் 2, எல்லாவற்றையும் பார்க்க ஒரு தலைவர். வயரிங்குக்கு ஆள் கிடைக்காது. அதற்குத்தான் முதலில் தேடுங்கள். இந்த 15-க்குள்ளேயே 4 பேரை ஓட்டுநராகப் பழக்க வேண்டும்.

நூறு ரூபாய் இருந்தால்

எடுத்த எடுப்பில் 20 ரூபாயைத் தனியே முடிந்துவையுங்கள். அது சோதனை ஓட்டத்துக்கும் உடைவதற்கும். எந்த ஸ்பான்ஸர் பின்வாங்கினாலும் அதில் கைவைக்கக் கூடாது. மீதி 80-ல் எஞ்சினும் வயரிங்கும் 25, சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக் 20, சேசிஸ் 15, டயரும் ரிம்மும் 10, ஓட்டுநர் உடை, ஹெல்மெட், பெல்ட் 10. லாரி வாடகையும் தங்குமிடமும் இதில் சேரவில்லை. பெல்ட்டும் ஹெல்மெட்டும் வாங்கும்போது சான்றும் காலாவதித் தேதியும் பாருங்கள். மலிவாகக் கிடைத்த பழைய பெல்ட்டைப் பரிசோதனை மேசையிலேயே கழற்றி வைத்துவிடுவார்கள்.

கார்பன் ஃபைபர், மேலே இறக்கை, கியர் மாற்றும் பட்டன் எல்லாம் முதல் ஆண்டுக்கு வேண்டாம். மின்சாரக் காரும் வேண்டாம். பேட்டரியைக் கரைத்துக் குடித்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-லிருந்து ஊரிலேயே இருக்கிறது என்பது ஆசையைத் தூண்டும். ஆனால் உயர்மின்னழுத்தப் பாதுகாப்புச் சோதனைகள் தனி உலகம். ஓடுகிற கார் ஒன்றைக் கட்டிய பிறகு அங்கே போகலாம்.

எஞ்சின்: காற்றுக் கணக்கு

710 சிசி வரை அனுமதி. ஆனால் பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் துளையில் நொடிக்கு ஏறத்தாழ 74 கிராம் காற்றுக்கு மேல் புகாது, என்ன விலை எஞ்சினாக இருந்தாலும். 600 சிசி நான்கு சிலிண்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்றில் கேட்பது ஏறத்தாழ 72 கிராம். மூச்சு முட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. 373 சிசி கேடிஎம் 9,000 சுற்றில் கேட்பது 34 கிராமுக்குள். கொடுத்த காசுக்கு முழுப் பலனும் தருவது சின்ன எஞ்சின்தான். எடையும் குறைவு, உதிரிப்பாகம் மதுரையிலேயே கிடைக்கும்.

ஒற்றை சிலிண்டரில் ஒரு சிக்கல் உண்டு. அது காற்றை விட்டு விட்டு இழுக்கும். துளைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு காற்றுப்பெட்டி இல்லாவிட்டால், இழுக்கும் அந்தக் கணத்தில் துளை அடைத்த மாதிரி ஆகிவிடும். இரண்டரை லிட்டர் கொள்ளளவில் தொடங்குங்கள். பெட்டி பெரிதானால் ஆக்ஸிலேட்டருக்கு எஞ்சின் தாமதமாகப் பதில் சொல்லும்.

துளையை அலுமினியத்தில் லேத்தில் கடையுங்கள். குறுகும் பக்கம் மையக்கோட்டிலிருந்து 12 பாகை, விரியும் பக்கம் 6 பாகைக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் விரிந்தால் காற்று சுவரை விட்டு விலகிச் சுழலும். விட்டம் 19.9-ல் நிறுத்துங்கள். 20.0 என்று குறிவைத்துக் கடைந்து, மெருகேற்றும்போது 20.05 ஆகிப் போனால் அத்தனை வேலையும் வீண். த்ராட்டில் (காற்றைத் திறந்து மூடும் கதவு), பிறகு துளை, பிறகு எஞ்சின் என்ற வரிசை மாறக் கூடாது. பொருத்தியதும், ஓடும் எஞ்சினின் காற்று வாயைப் பலகையால் முழுக்க மூடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாவிட்டால் எங்கோ ஓட்டை. அது பெரும்பாலும் காற்றுப்பெட்டி ஒட்டிலோ ரப்பர் இணைப்பிலோ இருக்கும். பரிசோதகர்களும் இதையேதான் செய்வார்கள்.

சேசிஸ்: எங்கே வளைப்பது, எங்கே பற்ற வைப்பது

கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் பிரதான வளையமும் முன் வளையமும் 25.4 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 2.4 மில்லிமீட்டர் கனமுள்ள தையலில்லா ஸ்டீல் பைப்பில் செய்தால் கேள்வி வராது. பிரதான வளையம் வெட்டு ஒட்டு இல்லாத ஒரே பைப்பாக இருக்க வேண்டும். வளைவின் ஆரம், மையக்கோட்டில், பைப் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. கேட், கிரில் செய்யும் பட்டறையில் கொடுத்தால் வளைவின் உட்பக்கம் சுருங்கி, வெளிப்பக்கம் தட்டையாகி வரும். அது நிராகரிக்கப்படும். திருச்சி துவாக்குடிக்குக் கொண்டுபோங்கள். பெல் நிறுவனத்தை நம்பி வளர்ந்த பாய்லர் பட்டறைகளுக்குப் பைப் வளைப்பது தினசரிச் சோறு. டிக் வெல்டிங்குக்கும் அங்கே கைதேர்ந்தவர்கள் உண்டு. பைப் வாங்கிய பில்லையும் சோதனைச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். கட்டமைப்பு ஆவணத்தோடு கேட்பார்கள். அந்த ஆவணம் தாமதமானால் புள்ளி கழியும்.

மற்றவற்றை ஊரிலேயே செய்யலாம். இணையும் பைப்பின் முனையை மீன்வாய் மாதிரி வெட்ட, கணினி வரைபடத்திலிருந்து ஒன்றுக்கு ஒன்று அளவில் காகிதம் அச்செடுத்து, பைப்பில் சுற்றி, கோடு போட்டு, வெட்டி அராவுங்கள். இடைவெளி 1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் வெல்டர் அதைக் கம்பியால் நிரப்புவார். சூடு கூடும், சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். சமமான ஸ்டீல் மேசையில் பைப்பை அசையாமல் பிடிக்கும் ஜிக் அடித்து எல்லா முனைகளையும் முதலில் டேக் (சின்னப் புள்ளி வெல்ட்) மட்டும் வைத்து, குறுக்களவு பார்த்து, பிறகு இடம் ஒன்று வலம் ஒன்று என்று மாறி மாறி முழு வெல்ட். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சஸ்பென்ஷன் தாங்கிகளை முழு வெல்ட் ஆறிய பிறகே வையுங்கள்.

பிரேக்

பரிசோதனையில் நான்கு சக்கரமும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் மற்ற ஓட்டங்களுக்கு விடமாட்டார்கள். பெடல் விகிதம் 5-க்கு 1, பிரேக் அழுத்தத்தில் முன்பக்கம் 60 முதல் 65 சதவீதம் என்று தொடங்கி, முன் பின் பங்கை மாற்றும் பயஸ் பாரில் திருத்துங்கள். பைக் காலிப்பர் போதும், ஆனால் காற்று வெளியேறும் நிப்பிள் மேலே பார்த்திருக்க வேண்டும். இடத்துக்காகக் கவிழ்த்து மாட்டினால் எத்தனை முறை ப்ளீடிங் செய்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். பெடல் 2000 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும். ஏறத்தாழ 200 கிலோ. கனத்த ஆள் ஒருவரை உட்கார்ந்து உதைக்கச் சொன்னால் தெரிந்துவிடும். புதிய பேடைத் தேய்த்துப் பழக்காமல் நேரே சோதனைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நாட்காட்டியும் மழையும்

ஜனவரிப் போட்டி என்றால் டிசம்பரில் முடித்தால் போதும் என்று கணக்குப் போடுகிறவர்கள் நம் பக்கத்து மழையை மறந்தவர்கள். அக்டோபர், நவம்பரில்தான் நமக்கு மழை. நடுவில் ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் லேத்தும் வெல்டிங்கும் நின்றுவிடும். ஆகவே ஆகஸ்ட் முடிவுக்குள் சேசிஸ், செப்டம்பர் முடிவுக்குள் சொந்தச் சக்கரத்தில் நகரும் கார். மழைக்காலத்தில் கூரைக்குள் வயரிங்கையும் அறிக்கைகளையும் முடியுங்கள், வெறித்த நாளெல்லாம் ஓட்டுங்கள். அனுமதி வாங்கிய சிமெண்ட் தளம் போதும், 15.25 மீட்டர் உள்விட்டத்தில் இரண்டு வட்டத்துக்குக் கூம்பு வைத்தால் எட்டு வடிவ ஓட்டத்துக்கு வேறு தடம் வேண்டாம். பொதுச் சாலையில் ஓட்டாதீர்கள்.

செலவு அறிக்கை

100 புள்ளி, உடல் வேலை ஏதும் இல்லை, இருந்தும் கடைசி இரவில் எழுதப்படும் ஆவணம் இது. ஐந்தொகை போட்டுப் பழகிய ஊரில் இதை விடுவது அநியாயம். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது கரண்டி வரை பட்டியல் இருக்குமே, அந்தக் கண்ணோடு ஒவ்வொரு போல்ட், வாஷர், கேபிள் டையையும் பேரேட்டில் ஏற்றுங்கள், காரில் மாட்டும் அன்றைக்கே. நடுவர் காரைக் காட்டி ஒரு பிராக்கெட்டைத் தொடுவார். அது பட்டியலில் இல்லையென்றால் கழிவு.

22 கிலோமீட்டர் ஒத்திகை

போட்டிக்கு முன் இதைக் குறைந்தது ஐந்து முறை முழுதாக ஓட்டுங்கள். 11 கிலோமீட்டர் ஓட்டி, எஞ்சினை அணைத்து, 3 நிமிடத்தில் ஓட்டுநரை மாற்றி, ஸ்டார்ட்டரில் எடுத்து, மறுபடி 11. கார்கள் விழுவது பெரும்பாலும் அந்த 3 நிமிடத்தில்தான். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் மட்டுமே அனுமதி; எஞ்சின் நின்றதும் அந்தத் தண்ணீர் நகராமல் சூடேறும், எரிபொருள் குழாயில் ஆவி கட்டும், மின்விசிறி பேட்டரியைத் தின்றிருக்கும். ஸ்டார்ட்டர் முனகிவிட்டு நின்றுவிடும். எரிபொருள் குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி உறை போடுங்கள், ரேடியேட்டரைச் சுற்றிப் பக்கவாட்டில் காற்று தப்பாதபடி தகடு அடையுங்கள், பேட்டரியை ஒரு அளவு பெரிதாக வையுங்கள். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் செயின் தளர்வையும் ஸ்ப்ராக்கெட் போல்ட்டையும் பாருங்கள். ஒற்றை சிலிண்டர் அதிர்வில் முதலில் கழல்வது அவைதான். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், எது நகர்ந்தது என்று ஸ்பானர் எடுக்காமலே தெரியும்.