சாம்பலில் இருந்து சோப்பு: நியூ இங்கிலாந்துக் குடியேற்றப் பெண்களின் கைமுறை

17, 18-ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தில் (இன்றைய அமெரிக்காவின் வடகிழக்கில் ஆங்கிலேயர் குடியேறிய பகுதி) சோப்பு காய்ச்சுவது வீட்டுத்தலைவியின் பொறுப்பு. மகள்களும் வேலைக்காரப் பெண்களும் கூடமாட உதவுவார்கள். மணமான பெண்ணின் பொருள் சட்டப்படி கணவனுடையது. சோப்பின் பதமோ அவள் கைக்குத்தான் தெரியும்.

சாம்பலைக் குளிர்காலம் முழுக்க நனையாமல் சேர்க்க வேண்டும். ஓக், ஹிக்கரி, மேப்பிள் போன்ற வன்மரச் சாம்பலே உதவும். பைன் மரச் சாம்பலில் காரம் (கொழுப்பைச் சோப்பாக்கும் ஆல்கலி) குறைவு. மழையில் நனைந்த சாம்பலைத் தொடாதீர்கள், அதன் காரம் கரைந்து ஓடியிருக்கும். இலையுதிர்கால இறைச்சி வெட்டில் மிஞ்சிய கொழுப்பு தனியே சேரும். காய்ச்சுவது பெரும்பாலும் வசந்தத்தில்.

ஒரு பீப்பாய் சோப்புக்கு 6 புஷல் (ஒரு புஷல் சுமார் 35 லிட்டர்) சாம்பல், 24 பவுண்டு கொழுப்பு என்பது பழைய கணக்கு. செய்து பார்க்க அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும்: சாம்பல் 17 முதல் 18 லிட்டர், கொழுப்பு 900 கிராம்.

அடியில் துளையிட்ட மரப்பீப்பாயைக் கல்மேல் உயர்த்தி வையுங்கள். அடியில் சுள்ளி, அதன்மேல் வைக்கோல், கொஞ்சம் சுண்ணாம்பு, பிறகு சாம்பலை அழுத்தி நிரப்புங்கள். சாம்பலில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட். சுண்ணாம்புதான் அதைக் கொழுப்பை உடைக்கும் கடுங்காரமாக்குகிறது. சுண்ணாம்பைத் தவிர்த்தால் நாள் முழுக்கக் காய்ச்சியும் அரைகுறையாகவே நிற்கலாம். மேலிருந்து மழைநீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கிணற்று உப்புநீர் சோப்பைத் திரித்துவிடும். கீழே சொட்டும் பழுப்புக் காரநீரை மரத்தொட்டியில் பிடியுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், காரம் அதை அரித்து ஹைட்ரஜனை வெளிவிடும்.

அடுத்தது முட்டைச் சோதனை. பலர் தோற்பது இங்கேதான். புது முட்டையைக் காரநீரில் விட்டால் மேலே நாணய அளவுக்கு ஓடு தெரிய வேண்டும். மூழ்கினால் காரம் போதாது: நீரைச் சுண்டக் காய்ச்சுங்கள், அல்லது புதுச் சாம்பல் வழியே மறுபடி வடியுங்கள். முட்டை அதற்குமேல் எழும்பினால் மழைநீர் சேருங்கள். அளவுக் கருவி ஏதும் இல்லாத அடுக்களையில் இது அடர்த்தியை அளந்த நேர்த்தியான முறை. இதை அறிவியல் என்றே சொல்ல வேண்டும்.

கொழுப்பைச் சம அளவு நீரில் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். மேலே உறைந்த கட்டியை மட்டும் எடுத்து, அடியிலுள்ள உப்பையும் கசண்டையும் கொட்டிவிடுங்கள்.

இனி வெட்டவெளியில், பெரிய இரும்புக் கொப்பரையில் கொழுப்பை உருக்கி, காரநீரைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டு, நீண்ட மரத்துடுப்பால் கிளறிக்கொண்டே இருங்கள். கலவை பொங்கும், கொப்பரை பாதிக்குமேல் நிறையக்கூடாது. மணிக்கணக்கில் காய்ந்தபின் துடுப்பிலிருந்து கூழாக வழியும். கொழுப்பு மேலே மிதந்தால் காரம் போதவில்லை, இன்னும் காரநீர் விடுங்கள். தோலில் எரிந்தால் காரம் மிஞ்சிவிட்டது. கொழுப்பு சேர்த்துத் திரும்பக் காய்ச்சுங்கள்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். ஒரு துளி காரநீர் கண்ணைப் பறித்துவிடும். பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் போங்கள். அந்தப் பெண்களுக்கு இவை எதுவும் இல்லை. நீளப் பாவாடையோடு நெருப்பருகே நின்றார்கள்.

ஆறியதும் பழுப்பு நிறக் களியாக இருக்கும். பொட்டாசியச் சோப்பு கட்டியாக இறுகாது. பீப்பாயில் வைத்து, வேண்டும்போது அகப்பையால் அள்ளித் துணி வெளுத்தார்கள். உப்பிட்டால் இறுகும்தான், ஆனால் இறைச்சியைக் கெடாமல் காக்கவே உப்பு தேவைப்பட்டதால் பெரும்பாலும் களியாகவே விட்டார்கள்.